வரேன் என்றுதான் சொன்னேன்

ஏப்ரல் 2, புதன்

காலையிலேயே ஒரு ஏமாற்றுக்காரி போன் செய்தாள். நான் வேலை பார்க்கும் கேஸ் ஏஜென்சியில் புக்கிங் கவுன்ட்டரில் கூட்டம் நெரிகிற நேரம்.

"தமயந்தி மேடமா? உலகம் முழுக்கக் குலுக்கல் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தோம். உங்க நம்பர் விழுந்திருக்கு."

"அப்படியா கண்ணு? கார் விழுந்திருக்கா, இல்ல நேரா ஓடிபி கேக்கப் போறியா?"

"கார் இல்ல மேடம். தண்ணீர் சம்பந்தமா..."

"தண்ணியா? அப்ப ஒரு லாரி தண்ணி அனுப்பு, நல்லா இருப்ப" என்று வைத்துவிட்டேன். கவுன்ட்டரில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் லாரி நிஜமாகவே வரவில்லை. எங்கள் பிருந்தாவனம் அடுக்ககத்துக்குத் தண்ணீர் என்றால் லாரிதான். பழைய போர் எப்போதோ வற்றிவிட்டது. கீழே தொட்டியில் கிடப்பதை ஆளாளுக்குக் குடத்தில் மொண்டு மாடி ஏற வேண்டும். சங்கச் செயலாளர் நான் என்பதால் திட்டெல்லாம் எனக்கு. இருக்கட்டும், 27ஆம் தேதி பொதுக்குழு. ஆயிரம் அடிக்குப் புது போர் போடுவதென்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அதன் பிறகு என்னைத் திட்டியவர்கள் எல்லாம் மாலை போடட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

அந்தப் பெண் ஏமாற்றுக்காரி இல்லையாம். நேரிலேயே வந்துவிட்டாள். பெயர் நஸ்ரின். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எனக்காக வாங்கி வந்த மோர் பாக்கெட். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'உலக நீர்ப் பேரவை' என்று ஒன்று நடத்துகின்றனவாம். மந்திரிகளும் நிபுணர்களும் மட்டும் பேசிப் பேசிக் கிழித்தது போதும், சாதாரண ஜனங்களையும் உட்காரவைத்துக் கேட்போம் என்று இந்த ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேசலாம். கடைசியில் நாங்கள் சொல்கிற யோசனைகள் சர்வதேச மாநாட்டுக்குப் போகும்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதேம்மா."

"தமிழ்லயே பேசுங்க மேடம். மெஷின் உடனுக்குடன் எல்லா மொழியிலயும் எழுதிக் காட்டும்."

குலுக்கலாம். நான் நம்பவில்லை. இவ்வளவு பேர் இருக்கும்போது என் நம்பர் விழுகிறது என்றால் யாரோ விசாரித்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ஞானசம்பந்தம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, கல்யாணமான நாளாக இவர் வாயிலிருந்து வந்த ஞானம் இந்த ஒரு எழுத்துத்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் கூட்டம். ஒரு குழுவுக்கு மூன்று பேர். நான், மெக்சிகோவில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் லூப்பே, பின்லாந்தில் பஸ் ஓட்டும் ஹெய்க்கி. லூப்பேவுக்கு அங்கே விடிந்த நேரம், பின்னால் சேவல் கூவுகிறது. ஹெய்க்கி வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி. "எனக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சில் என் வீட்டுக்காரருக்கு அண்ணன்.

எங்களை வழிநடத்த ஒரு வெள்ளைக்கார அம்மா. திரையில் அவர் பெயருக்குக் கீழே 'நடத்துநர்' என்று போட்டது மெஷின். நானும் டிக்கெட் கேட்பார் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட அப்படித்தான். பேச டிக்கெட் வாங்க வேண்டும். எனக்கு முன்னால் பேசியவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அதுவும் அவராகவே மாறி, 'நான்' என்று சொல்ல வேண்டுமாம். அவர் "ஆமாம், இதுதான்" என்று தலையாட்டினால்தான் என் முறை.

இது என்ன ஒன்றாம் வகுப்பா? நாள் முழுக்க அடுத்தவர் கத்துவதைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். கேட்பதைப் பற்றி எனக்கா பாடம்?

ஹெய்க்கி சொன்ன ஒரே வரியைத் திருப்பிச் சொல்ல எனக்கு நாலு தடவை ஆனது. நெட்வொர்க் சரியில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

லாரி இல்லை. வேறு எழுதத் தெம்பில்லை.

ஏப்ரல் 9, புதன்

பழகிக்கொள்ளலாமே என்று இவரை எதிரே உட்காரவைத்தேன். "நான் பேசறேன். நீங்க அப்படியே நானா மாறித் திருப்பிச் சொல்லணும்" என்று ஆரம்பித்து, ஏஜென்சி மேனேஜர், பி பிளாக்கில் துணி உலர்த்தும் தகராறு, என் தங்கை வாங்கிய ஃபிரிட்ஜ், தோட்டக்காரன் லீவு என்று கொட்டித் தீர்த்தேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒன்றுவிடாமல், நான் சொன்ன வரிசையிலேயே, "அந்த மேனேஜர் மூஞ்சிய பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்று என் இழுப்போடு சொல்லி முடித்தார். ஆடிப்போய்விட்டேன். இத்தனை வருஷமும் மனுஷன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

"சரி, இப்ப நீங்க ஏதாவது சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்" என்றேன். இவர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். இன்று லூப்பே பேசினார். திரையில் தமிழில் வந்ததை நினைவிருக்கும் வரை எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டுக் கிணற்றில்தான் தெருவுக்கே தண்ணீர். அடுத்த மனையில் பெரிய கட்டடம் வந்தது. நல்ல மனிதர்கள், பார்த்தால் சிரிப்பார்கள். ஆழமாகத் துளை போட்டார்கள். இப்போது எங்கள் கிணற்றில் வாளி விட்டால் சத்தம் மட்டும்தான் வருகிறது. எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

என் முறை. "அவங்க கிணறு வத்திப்போச்சாம், பாவம்" என்றேன். லூப்பே தலையை ஆட்டவில்லை. "'நான்' என்று சொல்லுங்கள்" என்றார் நடத்துநர். "என் கிணறு வத்திப்போச்சு. அந்தக் கட்டடத்துக்காரங்களுக்கும் வேற வழி இல்ல" என்றேன். "இரண்டாவதை நான் சொல்லவேயில்லையே" என்றார் லூப்பே. உண்மைதான், அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மறுபடி சொன்னேன். "எங்க கிணத்துலதான் தெருவுக்கே தண்ணி. பக்கத்துல பெரிய கட்டடம் வந்துச்சு. நல்ல மனுஷங்க. பார்த்தா சிரிப்பாங்க..." அந்த இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. மதியம் சாப்பிட்ட மாம்பழம் எனக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம். எல்லாவற்றையும் ஒரே குடத்துத் தண்ணீரில் முடித்தேன், அதற்கே ஒரு விருது தரலாம்.

மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். அங்கிருந்து பார்த்தால் பின் தெருவில் டிபன் கடை போடும் கன்னியம்மாவின் கிணறு தெரியும். அந்தத் தெருவில் எல்லாரும் அதில்தான் இறைக்கிறார்கள். நான் ஒன்றும் கிணற்றைப் பார்க்கப் போகவில்லை, துணி உலர்த்தத்தான் போனேன். கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்தார். பின்னாலேயே சங்கத் தலைவர் கோதண்டபாணி சார், அவர் பின்னால் நான், கோயில் உற்சவம் மாதிரி. கார் நிறுத்துமிடத்தில் தேங்காய் அசையவில்லை. தோட்டத்திலும் இல்லை. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் ஓரம் போனதும் குத்திட்டு நின்றது பாருங்கள்!

"இங்கதான் சார் நீரோட்டம். பிரமாதம்" என்றார். சுண்ணாம்பால் வட்டம் போட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாவின் கிணறு. வாளி கிணற்றில் விழும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவ்வளவு பக்கத்தில் நின்றால் தேங்காய் என்ன, பூசணிக்காய்கூட எழுந்து நிற்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, ஏஜென்சி லீவு. குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இவர் எதிரே உட்கார்ந்தேன். "அன்னிக்கு என்னவோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க."

இவர் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்கு முட்டி வலிக்குது. பொங்கல்லேர்ந்து. குடம் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறினா உயிர் போகுது. லிஃப்ட்ல தண்ணி கொண்டு போகக் கூடாதுன்னு நீதான் போர்டு மாட்டியிருக்க. செயலாளர் வீட்டுக்காரனே மீறினா உனக்கு அசிங்கம்னு படியில ஏறினேன்."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லிஃப்ட் தரை நனைகிறது என்று நான்தான் அந்தப் போர்டை எழுதி மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை. பேரவைச் சட்டத்தை மீறாமல் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். "எனக்கு முட்டி வலிக்குது. பொங்கல்லேர்ந்து..." அழுதுவிட்டேன். அதை எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சாயங்காலம் போர்டைக் கழற்றினேன். அதற்குப் பிறகு யோசித்தால் தலை சுற்றுகிறது. போர் வந்தால் இவர் முட்டி பிழைக்கும். கன்னியம்மாவின் கிணறு போகும். போடாவிட்டால் கிணறு பிழைக்கும், இவர் முட்டி போகும். லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. உலகப் பேரவை இதற்கு என்ன சொல்லும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாவது கூட்டம். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம்மை விட மரியாதை அதிகம்.

முடிகிற நேரம் நடத்துநர் ஏதோ கேட்டார். லூப்பே தரையைப் பார்த்தார், ஹெய்க்கி ஏரியைப் பார்த்தார். எனக்கோ அடுப்பில் பால். கேள்வியைப் படிக்க நேரமில்லை. "சரிப்பா, நேரமாச்சு, நான் வரேன்" என்று கைகூப்பினேன். உடனே மூன்று பேரும் கை தட்டினார்கள்! ஹெய்க்கி எழுந்தே நின்றுவிட்டார். விடைபெறுகிறவளுக்கு இப்படி ஒரு மரியாதையா! மனசு நிறைந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தது வேறு விஷயம்.

ஏப்ரல் 21, திங்கள்

மரியாதையும் மண்ணாங்கட்டியும்! நஸ்ரின் போன் செய்தாள்.

"மேடம், சூப்பர்! நீங்களே ஒத்துக்குவீங்கன்னு நினைக்கவே இல்ல."

"எதுக்கும்மா?"

"27ஆம் தேதி பெருங்கூட்டத்துல உங்க குழு சார்பா யார் வந்து பேசறீங்கன்னு கேட்டாங்களே, நீங்கதானே வரேன்னு சொன்னீங்க?"

"அடிப்பாவி, நான் கிளம்பறேன்னு சொன்னேன்டி! நம்மூர்ல போறேன்னு சொன்னா அபசகுனம்னு வரேன்னு சொல்லுவோம், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் மேடம். மெஷினுக்குத் தெரியாதே! நாலு நிமிஷம் பேசணும். எல்லா நாட்டுக்காரங்களும் கேப்பாங்க."

கேடுகெட்ட மெஷின். வரேனுக்கும் போறேனுக்கும் வித்தியாசம் தெரியாத ஜடம். அதை நம்பி உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்கள்.

இதில் கூத்து என்னவென்றால் அதே 27ஆம் தேதி காலையில்தான் எங்கள் பொதுக்குழு. காலையில் பக்கத்துக் கிணற்றை வற்றடிக்கத் தீர்மானம் போட்டுவிட்டு, சாயங்காலம் லூப்பே முகத்தைப் பார்த்து என்ன பேசுவேன்?

ஏப்ரல் 23, புதன்

கன்னியம்மாவின் கடைக்குப் போனேன். இட்லி வாங்க என்று நினைத்து இலையை எடுத்தாள்.

"கன்னியம்மா, ஞாயித்துக்கிழமை காலையில எங்க அடுக்ககத்துல மீட்டிங். போர் போடறதைப் பத்தி. நீங்க வந்து பேசணும்."

"நானா? இன்னாத்துக்கு மேடம்? உங்க வூட்ல போர் போடறீங்க, நான் இன்னா பேசறது?" என்று சட்டினியைக் கரண்டியால் அடித்தாள். "சுண்ணாம்பு வட்டம் போட்டப்ப கூப்பிட்டிருந்தாலாவது தேங்கா உடைக்க வந்திருப்பேன்."

"தப்புத்தான். இப்ப கூப்பிடறேன், வாங்க."

"பார்க்கலாம்."

எனக்குத் தமிழ் தெரியும். பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். மெஷினாக இருந்தால் சந்தோஷமாகத் திரும்பியிருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கை வலிக்க எழுதப் போகிறேன்.

காலையில் எல்லாரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். கோதண்டபாணி சார் விதிமுறை தவறாத மனிதர். தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்பார். "தீர்மானத்தைச் செயலாளர் வாசிக்கலாம்" என்றார். நான் எழுந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "உள்ள வரலாமா?"

கன்னியம்மா! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடையிலிருந்து நேராக வந்து நின்றாள். எனக்கு உயிரே வந்தது.

"இந்தம்மா உறுப்பினர் இல்லையே" என்றார் கோதண்டபாணி சார்.

"சார், போர் இவங்க கிணத்தோரமா போடறோம். முதல்ல இவங்க பேசட்டும். அப்புறம் நீங்க அவங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லணும், 'நான்'னு. இது உலகப் பேரவை நடைமுறை" என்றேன். நடைமுறை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இதற்கு மேல் அவரால் மறுக்க முடியாது.

கன்னியம்மா சுருக்கமாகப் பேசினாள். கோதண்டபாணி சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இந்த அம்மாளின் கிணறு..." என்று தொடங்கினார்.

"சார், 'என் கிணறு'."

"என் கிணறு பாதிக்கப்படலாம் என்று அஞ்சுகிறேன்."

"நான் எங்க அப்படி சொன்னேன்?" என்றாள் கன்னியம்மா. "கெணறு வத்துச்சுன்னா கொடத்த எடுத்துக்கினு உங்க வாசல்லதான் வந்து குந்துவேன், எங்க தெருவே வந்து குந்தும்னு சொன்னேன்."

கோதண்டபாணி சார் எழுந்து நின்று, கணீரென்ற குரலில், "கெணறு வத்துச்சுன்னா... உங்க வாசல்லதான்... வந்து குந்துவேன்!" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. அவரே சிரித்துவிட்டார்.

அடுத்து கன்னியம்மாவின் முறை. எங்களில் யாராவது சொல்வதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து நின்றவர் யார் தெரியுமா? இவர்! நாலு பேர் நடுவில் இவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு முட்டி வலிக்குது. தண்ணி தூக்கி மாடி ஏற முடியல. போர் போட்டா நல்லா இருக்கும்னு நினைச்சேன். உங்க கிணத்தை நினைக்கல."

"எனக்கு முட்டி வலிக்குது..." என்று சொல்லிக்கொண்டே வந்த கன்னியம்மா நடுவில் நின்றுவிட்டாள். "அய்யய்ய, பாவம் சார் நீ. இத்த யாரும் எங்கள்ட்ட சொல்லலியே! பெரிய வூட்டுக்காரங்க, லாரியில தண்ணி வருது, சொகமா கீறாங்கன்னு இல்ல நெனச்சேன்."

பிறகு நடைமுறையெல்லாம் காற்றில் பறந்தது. ஆளாளுக்குப் பேசினோம். மழை பெய்தால் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாகப் பின் தெருவில் கொட்டி அவர்கள் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறதாம். வருஷா வருஷம் சண்டைக்கு வர நினைப்பார்களாம், வாட்ச்மேன் உள்ளே விடுவதில்லையாம். அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விடலாமே என்று யாரோ சொல்ல, கிணறு நிறைந்தால் நீங்களும் மோட்டார் போட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாள் கன்னியம்மா. கிணற்றில் விடுமுன் மழைநீரைச் சேர்க்க வேண்டிய எங்கள் தொட்டி எங்கே என்று தேடினால், அதன் மேல் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் யாரோ கழற்றிப் போட்ட கட்டிலும் கிடந்தன. பி பிளாக்கில் இரண்டு வீட்டார் மட்டும் போர்தான் வேண்டும் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். மழைக்காலம் முடியும் வரை போர் இல்லை என்று தீர்மானம். முன்மொழிந்தது நான், வழிமொழிந்தது ஞானசம்பந்தம்.

போகும்போது கன்னியம்மா, "சரி மேடம், நாளைக்கி வேலை கீது, வரேன்" என்றாள்.

சாயங்காலம் பெருங்கூட்டம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக மூஞ்சிகள். கோதண்டபாணி சார் குந்திய கதையைச் சொன்னேன். "எங்க குழு யோசனை இதுதான். யார் எங்க ஆழமா துளை போட்டாலும், முடிவெடுக்கற கூட்டத்துல பக்கத்துக் கிணத்துக்காரங்க இருக்கணும். அவங்க சொன்னதை அவங்களா மாறித் திருப்பிச் சொல்லணும். 'ஆமா, இதுதான்'னு அவங்க சொல்ற வரைக்கும் யாரும் கை தூக்கக் கூடாது" என்றேன். நன்றி சொல்வதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள், நாலு நிமிஷம் முடிந்ததாம். 'குந்துவேன்' என்பதை அந்த மெஷின் என்னவாக எழுதியதோ, ஆனால் எங்கோ ஓரிடத்தில் தொடங்கிய சிரிப்பு கட்டம் கட்டமாகப் பரவியது. யோசனை இறுதிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 'பாதிக்கப்படும் தரப்பினரின் முன்கூட்டிய பங்கேற்பு' என்று அதற்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டார்கள். போகட்டும்.

லூப்பே அழுதுகொண்டிருந்தார். அவர் கிணற்றுக்கு இனித் தண்ணீர் வராது, எனக்கும் தெரியும். கடைசியில் கையை அசைத்து, நஸ்ரின் சொல்லிக்கொடுத்திருப்பாள் போல, தமிழிலேயே, "வரேன்" என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

ஏஜென்சிக்குக் கிளம்பிக் கீழே இறங்கினால் வாட்ச்மேன் வாசலில் யாரையோ மறித்துக்கொண்டிருந்தான். கன்னியம்மா. கையில் கடப்பாரை, பின்னால் மண்வெட்டியும் கூடையுமாகப் பின் தெருவில் பாதி ஜனம்.

"என்ன கன்னியம்மா இது?"

"இன்னா மேடம், நேத்து வரேன்னு சொல்ட்டுத்தானே போனேன்? தொட்டியத் தூர் வார வாணாமா?"

நான் அது விடைபெறுவதற்குச் சொன்னது என்றல்லவா நினைத்தேன்! கேட்டைத் திறக்கச் சொன்னேன். கோதண்டபாணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இவர் படியில் உட்கார்ந்தபடி முட்டியைத் தடவிக்கொண்டே நாற்காலிகளை ஒவ்வொன்றாக வாங்கி ஓரம் போட்டார். ஏஜென்சிக்குப் போன் செய்து லீவு சொன்னேன்.

மத்தியானம் மண் அப்பிய கையோடு எல்லாரும் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது இவர் என் பக்கம் குனிந்து சொன்னார்: "நீ திட்டின மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு."

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு சட்டப்படி திருப்பிச் சொன்னேன். "நான் திட்டின மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு."

"ம்" என்றார்.